மேத்யூ பாரிஸ்: எழுதியவரே வரைந்தார், வரைந்தவரே திருத்தினார்

13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு நல்ல நூல் உருவாக நாலைந்து பேர் வேண்டும். ஆசிரியர் சொல்லச் சொல்ல யாராவது மெழுகுப் பலகையில் குறித்துக்கொள்வார். ஏடெழுதுபவர் அதைத் தோல்தாளில் படியெடுப்பார். சிவப்புத் தலைப்புகளை இடுவதற்கு ஒருவர், படத்துக்கு ஒருவர், பொன் ஒட்டுவதற்கு ஒருவர். பெரிய மடங்களிலும் இந்த வேலைப் பிரிவினை இருந்தது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற நகரங்களில் இவை தனித்தனிக் கடைத்தொழில்களாகவே ஆகிக்கொண்டிருந்தன.

அதே காலத்தில், லண்டனுக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருந்த செயின்ட் ஆல்பன்ஸ் பெனடிக்டின் மடத்தில் ஒருவர் இவ்வளவையும் தானே செய்தார். வரலாற்றை எழுதினார், தன் கையாலேயே ஏட்டில் ஏற்றினார், ஓரத்தில் படம் வரைந்தார், வண்ணம் பூசினார். பல ஆண்டு கழித்து வந்து சுரண்டித் திருத்தியவரும் அவரே. அவர் பெயர் மேத்யூ பாரிஸ். இடைக்கால ஐரோப்பிய எழுத்துக்கலையில் இவரைவிட அழகாக எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியரின் மனம் எப்படி ஓடியது என்பதை ஏட்டிலேயே பார்க்க வேண்டுமானால் இவரிடம்தான் வர வேண்டும்.

பெயரை வைத்து அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்துக்காரர். அரசவையில் வெளிநாட்டார் செல்வாக்குப் பெறுவதைக் கடைசிவரை வசைபாடியவர். 1200ஐ ஒட்டிப் பிறந்து, 1217 ஜனவரி 21 அன்று துறவாடை அணிந்தார். 1236இல் மடத்தின் வரலாற்றாசிரியர் ரோஜர் ஆஃப் வெண்டோவர் இறந்தார். உலகத் தோற்றம் முதல் தன் காலம் வரை ரோஜர் எழுதி வைத்திருந்ததை மேத்யூ எடுத்துக்கொண்டு, அதில் தன் சொற்களையும் கோபங்களையும் செருகி, அதற்குப் பிந்தைய ஆண்டுகளைத் தானே தொடர்ந்தார். ‘குரோனிக்கா மஜோரா’ (பெரிய வரலாறு) என்ற பெருநூல் பிறந்த விதம் இது. மூன்று தொகுதிகள். முதல் இரண்டும் கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் 26, 16 என்ற எண்களில் இருக்கின்றன. 1254 முதல் 1259 வரையிலான கடைசிப் பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ராயல் 14 சி 7’ என்ற ஏட்டில், அவருடைய இன்னொரு நூலான ‘ஹிஸ்டோரியா ஆங்லோரும்’ (ஆங்கிலேயர் வரலாறு) உடன் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளது.

மடத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் அல்லர். செயின்ட் ஆல்பன்ஸ் வடக்கு நோக்கிப் போகும் பெருஞ்சாலையில், லண்டனிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தது. அரசரும் ஆயர்களும் தூதர்களும் அங்கே தங்கிப் போவார்கள். செய்தி வாசலுக்கே வந்தது. 1247 அக்டோபர் 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்றாம் ஹென்றி அரசர், இயேசுவின் திருரத்தம் என்று நம்பப்பட்ட குப்பியை ஊர்வலமாகக் கொண்டுவந்த விழாவில், கூட்டத்தில் நின்ற மேத்யூவைக் கண்டு அழைத்து, அரியணைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த படியில் உட்காரச் சொல்லி, பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கும்படி பணித்தார். 1257 மார்ச்சில் அரசர் ஒரு வாரம் மடத்தில் தங்கியபோது மேத்யூ அவருடைய மேசையிலும் அறையிலும் கூடவே இருந்தார். புனிதர்களாக அறிவிக்கப்பட்ட ஆங்கிலேய அரசர்களின் பெயர்களையும், சுமார் 250 பிரபுநிலங்களின் பெயர்களையும் அரசர் நினைவிலிருந்தே ஒப்பித்தாராம். அதையும் எழுதி வைத்தார். அதே அரசரைப் பேராசைக்காரர், வாக்குத் தவறுபவர் என்று பல பக்கங்களில் திட்டியும் வைத்தார். ஒருமுறை கடல் கடந்ததும் உண்டு: 1248இல், பிரான்சின் ஒன்பதாம் லூயி நார்வே அரசர் ஹாகோனுக்கு எழுதிய கடிதத்தைச் சுமந்துகொண்டு போனார். பிறகு டிரோண்ட்ஹைம் அருகே நிடார்ஹோல்ம் தீவு மடத்தின் சீர்கேட்டைச் சரிசெய்யும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

இனி வேலைமேசைக்கு வருவோம்.

‘குரோனிக்கா’வின் ஓர் ஏடு சுமார் 36 சென்டிமீட்டர் உயரம், 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். இரண்டு ஏடுகள் சேர்ந்த மடிப்புத்தாள் ஒன்று கிட்டத்தட்ட அரை மீட்டர் அகலம் வரும். ஓர் ஆட்டுத் தோலிலிருந்து அந்த அளவில் இரண்டு மடிப்புத்தாள் தேறினாலே நல்லது. கழுத்தும் விலாவும் சுருங்கிப் பயன்படாமல் போகும். நான்கு மடிப்புத்தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் எட்டு ஏடுகள் கொண்ட ஒரு கற்றை. முடி இருந்த பக்கம் சற்று மஞ்சள், சதைப் பக்கம் வெண்மை. எனவே புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே வரும் இரு பக்கங்களும் ஒரே நிறத்தில் இருக்கும்படி அடுக்குவார்கள். நடுவில் ஓர் ஏடு கிழிந்தோ செருகப்பட்டோ இருந்தால், இந்த நிற ஒழுங்கு கெட்டிருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து, முடி நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பிறைவடிவக் கத்தியால் சுரண்டிக் காயவைப்பார்கள். கட்டியபடியே காய்வதுதான் முக்கியம். இழுவிசை இல்லாமல் காய்ந்தால் தாள் ஆகாது, வெறும் விறைத்த தோல்தான். எழுதுவதற்கு முன் நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி தடவி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். அது மிஞ்சினால் மை பிடிக்காமல் மணிமணியாகத் திரளும். அளவுக்கு மேல் தேய்த்தாலோ நார் கிளம்பி, மை கசிந்து, எழுத்தின் விளிம்பு மயிர் முளைத்ததுபோல் ஆகிவிடும்.

மை மாசிக்காயில் காய்ச்சியது. ஓக் மரக்கிளையில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் திரட்டிவைக்கும் உருண்டை அது. நம் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று விற்பதும் அந்த இனம்தான். அதை இடித்து ஊறவைத்த சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து, வேலம்பிசின் சேர்ப்பார்கள். பழைய செய்முறைகளில் அடிக்கடி வரும் விகிதம் மாசிக்காய் 3 பங்கு, அன்னபேதி 2, பிசின் 1. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைய அடையக் கறுக்கும். அன்னபேதி கூடினால் சில நூற்றாண்டுகளில் மை பழுப்பாகி, அடியில் இருப்பதை அரிக்கத் தொடங்கும். பிசின் குறைந்தால் பேனாவிலிருந்து நீராக வழியும், கூடினால் காய்ந்தபின் செதில் செதிலாக உதிரும். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் நிறம் சிறிது மாறும் என்பதால், ஒரு வரி எப்போது எழுதப்பட்டது, எது பிறகு சேர்த்தது என்று பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு மையே துப்புக் கொடுக்கிறது.

பேனா வாத்துச் சிறகின் வெளிப்புற இறகு. வலக்கைக்காரருக்கு இடப்பக்கச் சிறகின் இறகு வசதி, அது கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கம் வளையும். தூவல்களை உரித்துவிட்டு வெறுந்தண்டாகவே பயன்படுத்துவார்கள். ஓவியங்களில் வரும் பஞ்சு போன்ற முழு இறகுப் பேனா பிற்காலக் கற்பனை. தண்டைச் சூடான மணலில் செருகிக் கடினமாக்குவார்கள். சூடு போதாவிட்டால் முனை மழுங்கும், அதிகமானால் பிளவு மேலே ஓடிப் பேனா வீணாகும். சாய்வுப் பலகையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. தட்டையான மேசையில் பேனா செங்குத்தாக நிற்க, மை ஒரேயடியாக இறங்கிவிடும். பலகை சாய்ந்தால் பேனா கிடைமட்டத்தை நெருங்கும், மை அளவாக வரும். இடக்கையில் எப்போதும் ஒரு கத்தி: துள்ளும் தோலை அழுத்திப் பிடிக்க, பேனாவைச் சீவ, பிழையைச் சுரண்ட. இடைக்கால ஓவியங்களில் எழுத்தர் இரண்டு கையிலும் கருவியோடு இருப்பது இதனால்தான்.

அந்தக் காலத்துச் சீரான நூல் எழுத்து கோதிக் டெக்ஸ்டுரா. பேனா முனையை ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் நிலையாக வைத்து, முனையின் அகலத்தைப் போல் நாலைந்து மடங்கு உயரத்தில் நெருக்கமான செங்குத்துக் கோடுகளாக எழுதுவது. தூரத்தில் பார்த்தால் நெய்த துணி போலிருக்கும், பெயரும் அதைத்தான் குறிக்கிறது. இதில் ‘மினிம்’ என்ற குட்டைக்கோடு ஒரு பெரிய தொல்லை. எம், என், யு, ஐ (m, n, u, i) எல்லாமே அதே கோட்டின் மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. அடுத்தடுத்து வந்தால் எது எந்த எழுத்து என்று வாசிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐ எழுத்தின் மேல் சிறு கோடு போடும் பழக்கம் இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தது, இன்றைய புள்ளி அதன் வாரிசு.

மேத்யூவின் கை இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. வரி ஏறி இறங்கும். எழுத்தின் அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறும். இடம் போதாவிட்டால் ஓரத்தில் வழியும், அங்கிருந்து அடிப்பகுதிக்கும் ஓடும். அழகெழுத்துப் போட்டியில் தோற்றுப்போகும் கைதான். முதுமையில் எழுத்து பெரிதாகி நடுங்குவதும் தெரிகிறது. ஆனால் படியெடுப்பவரின் சீரான கையில் காணக் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: அவசரம். செய்தி புதிதாக வந்ததா, பழைய நூலிலிருந்து பெயர்த்ததா, பிற்பாடு நினைவு வந்து செருகியதா என்பதை எழுத்தே சொல்லிவிடும்.

இது அவருடைய கைதானா என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃப்ரெடெரிக் மேடன் இந்த ஏடுகள் மேத்யூவே எழுதியவை என்றார். தாமஸ் டஃபஸ் ஹார்டி அதை ஏற்கவில்லை. 1953இல் ரிச்சர்ட் வான் என்ற ஆய்வாளர் ஏடுகளை ஒப்பிட்டு, எந்தெந்தப் பக்கம் அவர் கை, எங்கெங்கே உதவியாளர் கை என்று பிரித்துக் காட்டிய பிறகே பெரும்பாலானோர் உடன்பட்டனர். அழகான, சராசரியான டெக்ஸ்டுராவில் எழுதியிருந்தால் இந்த அடையாளம் காணல் இவ்வளவு உறுதியாக வந்திருக்காது.

படங்களுக்கு வந்தால், அவருடைய முறை கோட்டோவியமும் மென்நிறமும். ஈயக் குச்சியால் மங்கலாக வரைவு, அதன்மேல் பழுப்பு மையில் கோடு, பிறகு பச்சை, நீலம், காவி போன்ற நிறங்களை நீர்க்கக் கரைத்து மடிப்பும் நிழலும் விழும் இடத்தில் மட்டும் ஒரு பூச்சு. மீதி இடத்தில் தோலின் வெண்மையே உடலாகவும் ஒளியாகவும் நிற்கும். பொன்னும் கெட்டி வண்ணமும் கொண்ட ஓவியத்துக்கு அடிப்பூச்சு, காயும் நேரம், மெருகு என்று பல நாள் தேவை. எழுதிக்கொண்டே போகும் வரலாற்றுக்கு அது சரிப்படாது. தோல்தாள் ஈரத்தில் நெளியும் பொருள் வேறு. மென்பூச்சு அதை அதிகம் தொந்தரவு செய்யாது. செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை என்றால் கெட்டியாகப் பூசுவதில் இன்னொரு ஆபத்து: காலப்போக்கில் அது தோலையே அரித்து மறுபக்கம் பழுப்பாக ஊடுருவும்.

ஓரப்படங்களை அலங்காரம் என்று கடந்துபோகிறவர்கள் அவருடைய கெட்டிக்காரத்தனத்தைத் தவறவிடுகிறார்கள். அவை தேடுகருவி. ஒரு பிரபு இறந்த செய்தி வரும் இடத்தில் அவருடைய கேடயம் தலைகீழாக வரையப்பட்டிருக்கும். அரசர் முடிசூடினால் கிரீடம் நேராக, இறந்தால் கவிழ்ந்து. ஆயருக்கு அவருடைய முடியும் செங்கோலும். பக்க எண்ணோ அகரவரிசைச் சொல்லடைவோ இல்லாத நூலில் ஏடுகளை விரலால் தள்ளிக்கொண்டே போனால், எங்கே யார் மாண்டார் என்று கண் பிடித்துவிடும். மூல ஆவணங்களுக்கென்று அவர் தனி ஏடு ஒன்று வைத்திருந்தார், ‘லிபெர் அடிடமென்டோரும்’ (பிரிட்டிஷ் நூலகம், காட்டன் நீரோ டி 1). கடிதங்களையும் சாசனங்களையும் அதில் படியெடுத்துவிட்டு, வரலாற்று நூலின் ஓரத்தில் ஒரு சிறு குறி, அந்த ஏட்டிலும் அதே குறி. இன்றைய அடிக்குறிப்பு செய்யும் வேலை. அதே ஏட்டில் மடத்தின் மோதிரங்களையும் மணிகளையும் எடை, கொடுத்தவர் பெயர் சகிதம் படம் போட்டுப் பதிந்திருக்கிறார். அவற்றுள் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்தனுப்பும் பெரிய செதுக்குமணி ஒன்றும் உண்டு.

அவர் பார்த்து வரைந்ததையும் கேட்டு வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். 1255இல் ஒன்பதாம் லூயி மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். லண்டன் கோபுரத்தில் அதற்கு 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டகை கட்டினார்கள். யானைக்கு மூட்டு கிடையாது, விழுந்தால் எழ முடியாது என்று விலங்கு நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்த காலம். மேத்யூ முழங்காலை வரைந்தார். பக்கத்தில் பாகனையும் நிறுத்தி, ஆளின் உயரத்தை வைத்து யானையின் அளவை ஊகித்துக்கொள்ளச் சொன்னார். யானைக்கு வயது 10, உயரம் 10 அடி என்றும் குறித்தார். இரண்டே ஆண்டில், 1257இல், அது இறந்துபோனது. இதற்கு நேர்மாறு தாத்தாரியர், அதாவது மங்கோலியர், படம்: மனித உடலைக் கம்பியில் கோத்துச் சுடும் கொடூரர்கள். அவர்களை மேத்யூ கண்ணால் கண்டதில்லை, ஐரோப்பாவைச் சுற்றிவந்த பீதிக் கடிதங்களை நம்பினார். கோடு இரண்டிலும் ஒரே திறமையோடு ஓடுகிறது என்பதுதான் சிக்கல். ஓவியத்தின் உயிர்ப்பை வைத்து உண்மையை எடைபோட முடியாது. அவருடைய உரைநடைக்கும் இது பொருந்தும். பேச்சுகளைத் தானே புனைவார், ஆவணங்களில்கூடச் சொல்லைக் கூட்டுவார். போப்பின் வரிவசூல், பிச்சைத் துறவிகள், அரசரின் வெளிநாட்டு உறவினர் என்று வந்துவிட்டால் அவர் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது.

பிரிட்டனின் வரைபடங்கள் நான்கு அவருடையவையாக எஞ்சியுள்ளன. அன்றைய உலகப் படங்கள் கிழக்கை மேலே வைத்தபோது இவர் வடக்கை வைத்தார். அவற்றுள் மிக நிறைவான படத்தில் ஸ்காட்லாந்தின் வடபகுதி ஸ்டெர்லிங் பாலத்தால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கே டோவர் துறைமுகம் தென்கரையின் நடுவில் வந்து நிற்கிறது. உண்மையில் அது தென்கிழக்கு மூலை. காரணம் எளிது. வடக்கிலிருந்து செயின்ட் ஆல்பன்ஸ், லண்டன் வழியாக டோவர் வரை போகும் பயணப்பட்டியலை அவர் படத்தின் முதுகெலும்பாக, நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டார். நாடு அதைச் சுற்றி வளைந்துகொள்ள வேண்டியதாயிற்று. தவறு என்று அவருக்கும் தெரியும். பக்கம் இடம் கொடுத்திருந்தால் தீவு இன்னும் நீளமாக இருக்க வேண்டும் என்று படத்திலேயே எழுதியிருக்கிறார். லண்டனிலிருந்து தென் இத்தாலி வரை ஒரு நாள் நடைக்கு ஓர் ஊர் என்று பட்டைபட்டையாக ஏறும் அவருடைய பயணப்படத்தில், இடம் போதாத இடங்களில் கூடுதல் தோல் துண்டுகளை மடித்துத் திறக்கும்படி ஒட்டியிருக்கிறார்.

லத்தீன் வரலாறு மட்டும் அவர் தொழில் இல்லை. உயர்குடிப் பெண்களுக்காக, இங்கிலாந்தில் அவர்கள் பேசிய ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சில் புனிதர் வாழ்க்கைகளைச் செய்யுளாக்கினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் 177ஆம் ஏட்டில் உள்ள புனித ஆல்பன் வாழ்க்கையில் பக்கத்தின் மேற்பகுதியில் படமும் கீழே செய்யுளுமாக 54 படங்கள். அந்த ஏட்டின் தொடக்கத்தில் அவர் கையெழுத்தில் சில குறிப்புகள்: அரண்டெல் கோமாட்டி இசபெல்லிடம் இருக்கும் புத்தகத்தை, தான் மொழிபெயர்த்துப் படம் வரைந்ததை, வாங்கிக்கொள்ளுங்கள், கார்ன்வால் கோமாட்டி அதைப் பெந்தெகொஸ்தே திருநாள் வரை வைத்திருக்கலாம், வின்செஸ்டர் கோமாட்டியின் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு உருவம் வரட்டும். இரவல் நூலகமும் ஓவியக்கூடமும் ஒரு துறவியின் அறையிலிருந்து நடந்திருக்கிறது.

1250 வந்தபோது முடித்துவிட நினைத்தார். கிறிஸ்து பிறந்து 25 அரைநூற்றாண்டுகள் நிறைந்தன. மேத்யூ, உன் உழைப்பு போதும், வருவதை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று தனக்குத்தானே செய்யுளும் எழுதிக்கொண்டார். கை நிற்கவில்லை, மறுபடியும் தொடங்கினார். முதுமையில் வேறொரு கவலை பிடித்தது. அரசரைப் பற்றியும் திருச்சபையைப் பற்றியும் எழுதிய வசைகளைத் தேடித் தேடி, ஓரத்தில் ‘இது மனம் புண்படுத்தும், விட்டுவிடு’ என்ற பொருளில் லத்தீனில் குறித்தார். சிலவற்றைச் சுரண்டி மென்மையாகத் திருப்பி எழுதினார், சிலவற்றின்மேல் தோல் துண்டு ஒட்டி மறைத்தார். சுரண்டிய இடம் சொரசொரப்பாகி மை பரவும். தேய்த்து மெருகிட்டால்தான் மறுபடி எழுத முடியும். அந்தப் பழுதே எங்கே திருத்தினார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு முன்பே 1250 வரையிலான பகுதியை இன்னொருவர் சுத்தப்படியாக எடுத்திருந்ததால் (காட்டன் நீரோ டி 5), மறைத்தவை பலவற்றின் மூலவடிவம் பிழைத்துக்கொண்டது.

1259இல் நூல் நடுவாண்டில் நிற்கிறது. ‘ராயல் 14 சி 7’இன் 218ஆம் ஏட்டின் பின்பக்கத்தில், படுக்கையில் சாய்ந்து, முழங்கைக்கடியில் தன் புத்தகத்தோடு மேத்யூ. வரைந்தது அவர் கை இல்லை. கூடவே ஒரு குறிப்பு: இதுவரை எழுதியவர் சகோதரர் மேத்யூ பாரிஸ், கையெழுத்து மாறினாலும் நடை அவருடையதே, எல்லாம் அவர் கணக்கிலேயே சேரட்டும், இனி வருவது இன்னொரு சகோதரருடையது, முன்னவரின் செருப்பு வாரை அவிழ்க்கவும் தகுதியற்ற அவருக்கு இந்தப் பக்கத்தில் பெயர் தேவையில்லை. சொன்னபடியே தன் பெயரை அவர் எழுதவில்லை.